சொரியாசிஸ் என்று சொல்லிவிட்டார்களா? முதல் சில மாதங்களுக்கு ஒரு வழிகாட்டி

மருத்துவர் "இது சொரியாசிஸ்" என்று சொன்ன அன்று, வீட்டுக்கு வந்ததும் முழுக்கைச் சட்டைகளைத் தேடி எடுத்து வைத்தேன். அடுத்த வாரமே, அடியோடு குணமாக்கித் தருகிறோம் என்று சொல்பவர்களைத் தேடிப் போனேன். ஒரு மருந்தை மூன்று வாரம், அது சரிப்படவில்லை என்று இன்னொன்றை ஒரு மாதம், நடுவில் எதுவுமே போடாமல் சில வாரம் என்று இரண்டு வருடம் ஓடிப்போனது. எந்த மருந்துக்கும் நான் போதிய நாள் கொடுக்கவே இல்லை என்பது ரொம்பப் பின்னால்தான் புரிந்தது. உங்களுக்கும் அப்படி இரண்டு வருடம் வீணாகக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் மருத்துவம் படித்ததில்லை. பல வருடமாக இந்த நோயோடு வாழ்கிற அனுபவமும், அதற்காகத் தேடிப் படித்ததும்தான் என்னிடம் இருக்கின்றன. எந்த மருந்து, எவ்வளவு என்பதை உங்கள் தோல் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். அவரிடம் என்ன கேட்பது, வீட்டில் எதை எப்படிச் செய்வது என்பதை நான் சொல்கிறேன்.

முதலில் நோயைப் புரிந்துகொள்ளுங்கள்

நம் மேல்தோல் ஓயாமல் புதுப்பித்துக்கொண்டே இருக்கிறது. அடியில் பிறக்கும் செல் மெல்ல மேலே ஏறி, காய்ந்து, நமக்குத் தெரியாமலே உதிர்வதற்கு ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். சொரியாசிஸ் வந்த இடத்தில் அதே பயணம் மூன்று முதல் ஐந்து நாளில் முடிந்துவிடுகிறது. முதிராத செல்கள் மேலே வந்து, உதிர நேரமில்லாமல் ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டிக்கொள்கின்றன. நாம் பார்க்கிற வெள்ளிநிறச் செதில் அதுதான். அடியில் ரத்தக் குழாய்கள் விரிந்திருப்பதால் அந்த இடம் தடித்துச் சிவக்கிறது.

இந்த அவசரத்துக்குக் காரணம் நோய் எதிர்ப்பு மண்டலம். கிருமியோடு சண்டை போட வேண்டிய டி செல்கள், கிருமி இல்லாத இடத்திலும் அழற்சியைக் கிளப்பிவிடுகின்றன. இந்தத் தொடர்பு வெளிச்சத்துக்கு வந்ததில் தற்செயலுக்கும் பங்கு உண்டு. எதிர்ப்பு மண்டலத்தை அடக்கும் சைக்ளோஸ்போரின் மருந்தை மூட்டு நோய்க்குக் கொடுத்துப் பார்த்தபோது, சொரியாசிஸும் இருந்தவர்களின் தோல் தெளிந்ததைக் கவனித்து 1979இல் எழுதினார்கள். அழற்சிக்கான செய்தியைக் கடத்தும் டி.என்.எஃப்., இன்டர்லூக்கின்-17, இன்டர்லூக்கின்-23 போன்ற பொருள்கள் பின்னால் ஒவ்வொன்றாக அடையாளம் காணப்பட்டன. இன்றைய ஊசி மருந்துகள் குறிவைப்பது இவற்றைத்தான்.

ஆகவே இது ரத்தம் கெட்டதால் வருவதில்லை. சுத்தக் குறைவால் வருவதும் இல்லை. தொட்டாலோ, ஒரே துண்டைப் பயன்படுத்தினாலோ, கூடப் படுத்துத் தூங்கினாலோ யாருக்கும் ஒட்டாது. பரம்பரையாக வரும் வாய்ப்பு உண்டு. ஆனாலும் மரபணு இருக்கிற எல்லோருக்கும் நோய் வருவதில்லை. 19ஆம் நூற்றாண்டு வரை இதைத் தொழுநோயோடு சேர்த்துக் குழப்பிக்கொண்டிருந்தார்கள். வியன்னாவில் ஃபெர்டினான்ட் ஃபான் ஹெப்ரா 1841இல் இரண்டையும் தெளிவாகப் பிரித்துக் காட்டினார். பிரித்து இத்தனை காலம் ஆகியும், செதிலைப் பார்த்ததும் கையை இழுத்துக்கொள்ளும் பழக்கம் இன்னும் போகவில்லை என்பது எனக்கு வருத்தம்தான்.

இன்னொரு உண்மையையும் ஆரம்பத்திலேயே ஏற்றுக்கொள்வது நல்லது. சொரியாசிஸை வேரோடு பிடுங்கும் மருந்து இன்றைக்கு இல்லை. உலகச் சுகாதாரப் பேரவை 2014இல் இந்த நோயைப் பற்றி நிறைவேற்றிய தீர்மானமும் அதையேதான் சொல்கிறது. அடக்கி வைக்கும் மருந்துகள் நிறைய உண்டு. தோல் மாதக் கணக்கில், சிலருக்கு வருடக் கணக்கில் தெளிவாக இருக்கும். சர்க்கரை நோயையும் ரத்த அழுத்தத்தையும் எப்படிக் கையாள்கிறோமோ அப்படித்தான் இதையும் கையாள வேண்டும்.

இது சொரியாசிஸ்தானா என்று உறுதி செய்யுங்கள்

முழங்கை, முழங்கால், தலை, கீழ்முதுகு ஆகிய இடங்களில் ஓரம் தெளிவாகத் தெரியும் தடித்த படைகள்தான் வழக்கமான அறிகுறி. படைபோல் வரும் இந்த வகைதான் மிகப் பெரும்பாலானவர்களுக்கு இருக்கிறது. தொண்டைப்புண் வந்து சில வாரத்தில் உடம்பெங்கும் சின்னச் சின்னப் புள்ளிகளாகக் கிளம்புவது இன்னொரு வகை; இது பிள்ளைகளிடமும் இளைஞர்களிடமும் அதிகம். அக்குள், தொடையிடுக்கு போன்ற மடிப்புகளில் வந்தால் செதில் இருக்காது, பளபளப்பான சிவப்பு மட்டும் தெரியும்.

படர்தாமரை, எக்ஸிமா, கடும் பொடுகு மூன்றும் பார்வைக்கு இதைப் போலவே இருக்கக்கூடும். படர்தாமரை என்று நினைத்து, ஸ்டீராய்டும் பூஞ்சை மருந்தும் கலந்த களிம்பைக் கடையில் தானாக வாங்கிப் போடுவதுதான் இங்கே பெரிய ஆபத்து. ஸ்டீராய்டு எந்தப் படையையும் சில நாளைக்கு அமுக்கிவிடும். பிறகு உருவமே மாறிப்போய், மருத்துவராலும் எளிதாக அடையாளம் காண முடியாது. சந்தேகம் இருந்தால் செதிலைச் சுரண்டி எடுத்துப் பூஞ்சை இருக்கிறதா என்று பார்ப்பார்கள். சில நேரம் தோலில் துளி வெட்டியெடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள்.

கருநிறத் தோலில் சிவப்பு அவ்வளவாகத் தெரியாது. ஊதா கலந்த பழுப்பாகவோ சாம்பலாகவோ தெரியும். புத்தகங்களில் அச்சாகும் படங்களில் பெரும்பாலும் வெள்ளைத் தோல்தான் இருக்கிறது. அந்தப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து "எனக்கு இது இல்லை" என்று முடிவுகட்டிவிடாதீர்கள்.

மருத்துவரிடம் நகங்களையும் காட்டுங்கள். ஊசியால் குத்தியதுபோன்ற சிறு குழிகள், எண்ணெய்த் துளி விழுந்ததுபோன்ற மஞ்சள் கறை, நகம் சதையை விட்டுத் தூக்கிக்கொள்வது ஆகியவை நோயை உறுதிப்படுத்த உதவும். நகப்பூச்சு போடுகிறவர்கள் அன்றைக்கு அழித்துவிட்டுப் போங்கள்.

எவ்வளவு இருக்கிறது என்று அளந்து வையுங்கள்

விரல்களோடு சேர்த்து உங்கள் உள்ளங்கையின் பரப்பு, உங்கள் உடம்புத் தோலில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு. படைகளையெல்லாம் கூட்டினால் எத்தனை உள்ளங்கை வரும் என்று மனதில் கணக்கிட்டுப் பாருங்கள். மூன்றுக்குள் இருந்தால் லேசானது, மூன்று முதல் பத்து வரை நடுத்தரம், பத்துக்கு மேல் கடுமையானது என்பது பொதுவான கணக்கு. ஆனால் முகம், உள்ளங்கை, பாதம், பிறப்புறுப்பு ஆகிய இடங்களில் கொஞ்சமாக இருந்தாலும் வாழ்க்கை பெரிதும் பாதிக்கப்படும் என்பதால், அதைக் கடுமையானதாகவே எடுத்துக்கொள்வார்கள்.

அதே வெளிச்சத்தில், அதே தூரத்திலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போன் கேமராவில் படம் எடுத்து வையுங்கள். தினமும் கண்ணாடியில் பார்க்கிறவருக்கு முன்னேற்றம் தெரியாது. இந்தப் படங்கள் இருந்திருந்தால், வேலை செய்துகொண்டிருந்த ஒரு களிம்பை நான் பாதியில் தூக்கிப் போட்டிருக்க மாட்டேன்.

தினசரி வேலை: ஈரப்பதம்

மருந்தைவிட இதைத்தான் பலரும் சாதாரணமாக நினைக்கிறார்கள். காய்ந்த தோல் வெடிக்கும், அரிக்கும், சொறிந்தால் படை பெரிதாகும். சுடுநீர் வேண்டாம், வெதுவெதுப்பான நீர் போதும். வாசனையில்லாத மென்மையான சோப்பு அல்லது சோப்புக்குப் பதிலான கிரீமைப் பயன்படுத்துங்கள். பீர்க்கன் நார், சுரண்டும் கல் எதுவும் படையின் பக்கம் போகக் கூடாது. துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, தோலில் ஈரம் இருக்கும்போதே சில நிமிடத்துக்குள் மாய்ஸ்சரைசர் தடவுங்கள். முடி வளர்ந்திருக்கும் திசையிலேயே தடவினால் மயிர்க்கால்கள் அடைபடாது.

எதை வாங்குவது? பிசுபிசுப்பு அதிகமானால் ஈரத்தைப் பிடித்து வைக்கும் சக்தியும் அதிகம். பெட்ரோலியம் ஜெல்லி மாதிரியானவை இரவுக்கு, லேசான கிரீம் பகலுக்கு என்று வைத்துக்கொள்ளலாம். நீங்கள் தினமும் மறக்காமல் போடக்கூடியது எதுவோ அதுவே உங்களுக்கு நல்லது. ஓர் எச்சரிக்கை: இந்தக் களிம்புகள் துணியிலும் படுக்கை விரிப்பிலும் ஊறிப்போனால் எளிதில் தீப்பிடிக்கும். அந்தத் துணியோடு அடுப்பருகே நிற்பது, புகைப்பது இரண்டும் ஆபத்து.

களிம்பைச் சரியாகப் போடக் கற்றுக்கொள்ளுங்கள்

லேசான நோய்க்கு ஆரம்பம் பெரும்பாலும் ஸ்டீராய்டு களிம்பும், வைட்டமின் டி வகையைச் சேர்ந்த கால்சிபோட்ரியாலும்தான். இரண்டும் கலந்தே ஒரு குழாயில் கிடைப்பதும் உண்டு.

அளவுக்கு விரல் நுனிக் கணக்கு இருக்கிறது. பெரியவர் ஒருவரின் ஆள்காட்டி விரலில், நுனியிலிருந்து முதல் ரேகை வரை பிதுக்கிய களிம்பு ஏறக்குறைய அரை கிராம். அது இரண்டு உள்ளங்கை அளவுப் பரப்புக்குப் போதும். இந்தக் கணக்கு தெரியாததால் சிலர் பயந்து பயந்து துளியாக வைக்கிறார்கள். சிலர் வெண்ணெய் மாதிரி அப்புகிறார்கள். படையின் மேல் மட்டும், மெல்லிய படலமாக, மருத்துவர் சொன்ன வேளைக்குப் போடுங்கள். மாய்ஸ்சரைசரும் களிம்பும் அடுத்தடுத்துப் போட வேண்டியிருந்தால், நடுவே அரைமணி நேரமாவது விடுங்கள்.

ஸ்டீராய்டு என்றதும் ஒரேயடியாகப் பயப்படவும் வேண்டாம், கண்ணை மூடிக்கொண்டு வருடக்கணக்கில் போடவும் வேண்டாம். அதில் லேசானதிலிருந்து மிகக் கடுமையானது வரை படிகள் உண்டு. முழங்கைக்குக் கொடுத்ததை முகத்துக்கோ தொடையிடுக்குக்கோ போட்டால் தோல் மெலிந்துபோகும், ரத்தக் குழாய்கள் தெரியும், வரிவரியாகத் தழும்பு விழும். அந்த இடங்களுக்கு லேசான ஸ்டீராய்டோ, டாக்ரோலிமஸ் போன்ற ஸ்டீராய்டு அல்லாத களிம்போ தருவார்கள். எத்தனை வாரம் போட வேண்டும், எப்படிக் குறைத்து நிறுத்த வேண்டும் என்பதை மருந்துச் சீட்டிலேயே எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். கடுமையான ஸ்டீராய்டைப் பல மாதம் போட்டுவிட்டுத் திடீரென்று நிறுத்தினால் நோய் முன்னைவிட மோசமாகத் திரும்பி வரக்கூடும்.

செதில் தடிப்பாக இருந்தால் மருந்து உள்ளே இறங்காது. அதற்குத்தான் சாலிசிலிக் அமிலம் கலந்த களிம்பு தருகிறார்கள். ஆனால் சாலிசிலிக் அமிலம் பட்டால் கால்சிபோட்ரியால் செயலிழந்துவிடும். இரண்டும் சீட்டில் இருந்தால் எது எப்போது என்று கேட்டுப் பிரித்துக்கொள்ளுங்கள்.

தலைக்கு வைத்தியம் செய்வது கொஞ்சம் பொறுமையான வேலை. முடியை வகிடு வகிடாகப் பிரித்து, மருந்தைத் தலைத்தோலில் தடவ வேண்டும். முடியில் தடவிப் பயனில்லை. முதலில் எண்ணெயோ செதில் இளக்கும் களிம்போ தடவிச் சில மணி நேரம் ஊறவிட்டு, தார் கலந்த ஷாம்பு அல்லது மருத்துவர் சொன்ன ஷாம்புவால் அலசி, இளகிய செதிலை அகலப் பல் சீப்பால் மெதுவாக வாரி எடுங்கள். அப்புறம்தான் மருந்து. நகத்தால் பிய்த்தால் முடியும் சேர்ந்து வரும். அப்படிப் போன முடி பெரும்பாலும் திரும்ப முளைத்துவிடும் என்பது ஆறுதல்.

எதுவானாலும் பலன் தெரியக் குறைந்தது நான்கு வாரம், பல நேரம் எட்டு வாரம்கூட ஆகும். எரிச்சல், புண் என்று பக்கவிளைவு வந்தால் உடனே மருத்துவரைக் கேளுங்கள். "இன்னும் போகவில்லையே" என்பது மட்டும் காரணமென்றால், சொன்ன நாள் வரை தொடருங்கள்.

எது தூண்டுகிறது என்று கவனியுங்கள்

தோலில் கீறலோ வெட்டோ தீக்காயமோ பட்ட இடத்தில் பத்து, இருபது நாளில் புதிய படை கிளம்பலாம். இதற்கு கோப்னர் விளைவு என்று பெயர். இறுக்கமான பெல்ட், உடை உரசும் இடம், பச்சை குத்திய இடம் எல்லாம் இதில் அடங்கும். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியால் வரும் தொண்டைப்புண், மன அழுத்தம், காய்ந்த குளிர், புகை, மது ஆகியவையும் தூண்டக்கூடியவை.

மருந்துகளும் தூண்டும். மனநலச் சிகிச்சையில் தரும் லித்தியம், ரத்த அழுத்தத்துக்குத் தரும் பீட்டா பிளாக்கர்கள், மலேரியாவுக்குத் தரும் குளோரோகுயின் வகை மருந்துகள் இந்தப் பட்டியலில் உண்டு. இவற்றில் எதையாவது நீங்கள் எடுத்துக்கொண்டிருந்தால் தோல் மருத்துவரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். ஸ்டீராய்டை மாத்திரையாகவோ ஊசியாகவோ எடுத்து நிறுத்தியபின் நோய் பயங்கரமாகக் கிளம்பியவர்கள் உண்டு. அதனால் வேறு எந்த நோய்க்காக எந்த மருத்துவரிடம் போனாலும் "எனக்குச் சொரியாசிஸ் இருக்கிறது" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

உணவைப் பற்றித்தான் எல்லோரும் அதிகம் கேட்கிறார்கள். எல்லோருக்கும் பொதுவாக விலக்க வேண்டிய உணவு என்று எதுவும் நிரூபிக்கப்படவில்லை. உடல் எடை கூடுதலாக இருந்தால், அதைக் குறைப்பது நோயையும் தணிக்கிறது, மருந்தும் நன்றாக வேலை செய்கிறது. இதற்குச் சான்று இருக்கிறது. ஒவ்வொருவர் சொல்வதையும் கேட்டு ஒவ்வொரு உணவாகத் தள்ளிக்கொண்டே போய், சாப்பாட்டையே பயத்தோடு பார்க்கும் நிலைக்கு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அது வேண்டாமே.

மூட்டுகளை மறக்காதீர்கள்

சொரியாசிஸ் உள்ளவர்களில் நூற்றுக்கு முப்பது பேர் வரை மூட்டுகளிலும் பாதிப்பு வரலாம் என்கிறார்கள். பெரும்பாலும் தோலில் வந்து சில வருடங்களுக்குப் பிறகு வரும். காலையில் எழுந்ததும் அரைமணி நேரத்துக்கு மேல் மூட்டு இறுகிக்கிடப்பது, ஒரு விரல் முழுக்க வீங்கிப்போவது, குதிகாலில் விடாத வலி ஆகிய மூன்றையும் மனதில் வையுங்கள். நகத்தில் பாதிப்பு இருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். தாமதித்தால் மூட்டு நிரந்தரமாகச் சிதையும்; போனது திரும்பாது. இந்த நோயில் உண்மையிலேயே அவசரப்பட வேண்டிய இடம் இதுதான். கூடவே ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றையும் வருடத்துக்கு ஒருமுறையாவது பார்த்துவிடுங்கள். அழற்சி தோலோடு நிற்பதில்லை, இதய நோய்க்கான வாய்ப்பும் கூடுகிறது.

களிம்பு போதாதபோது

அடுத்த படி ஒளி சிகிச்சை. 311 நானோமீட்டர் அலைநீளமுள்ள குறுகிய பட்டை புற ஊதா-பி ஒளியை வாரம் இரண்டு மூன்று முறை, சில மாதங்களுக்குக் கொடுப்பார்கள். பலருக்கு நல்ல பலன் தரும். போய்வருவதுதான் சிரமம். அதற்குப் பதிலாக வெயிலில் நிறைய நேரம் நிற்கலாம் என்று நினைத்து உடம்பைச் சுட்டுக்கொள்ளாதீர்கள். வெயிலில் சுட்ட இடத்திலும் படை கிளம்பும்.

மாத்திரைகளில் பழையதும் பரவலானதும் மெத்தோட்ரெக்சேட். இதைப் பற்றி ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இதை வாரத்துக்கு ஒரு நாள்தான் எடுக்க வேண்டும். தினமும் விழுங்கி உயிரே போன துயரங்கள் நடந்திருக்கின்றன. கிழமையை டப்பாவின் மேலே பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள், வீட்டில் இன்னொருவருக்கும் சொல்லி வையுங்கள். கூடவே ஃபோலிக் ஆசிட் தருவார்கள். ரத்தம், கல்லீரல் பரிசோதனைகளைத் தவறவிடக் கூடாது. மது கூடாது. கர்ப்பத்தில் இந்த மாத்திரை கூடவே கூடாது. சொரியாசிஸுக்குத் தரும் இன்னொரு மாத்திரையான அசிட்ரெட்டினும் அப்படித்தான், அதை நிறுத்தி வருடங்கள் கழித்துத்தான் கர்ப்பம் தரிக்கலாம். குழந்தைக்குத் திட்டமிடுகிறவர்கள், ஆணோ பெண்ணோ, மருந்து தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். சைக்ளோஸ்போரின் வேகமாக வேலை செய்யும். ஆனால் ரத்த அழுத்தத்தையும் சிறுநீரகத்தையும் கண்காணிக்க வேண்டும்.

அதற்கும் மேலே பயாலஜிக் ஊசிகள் இருக்கின்றன. அடாலிமுமாப் டி.என்.எஃப்.-ஐயும், செகுகினுமாப் இன்டர்லூக்கின்-17-ஐயும், குசெல்குமாப் இன்டர்லூக்கின்-23-ஐயும் தடுக்கின்றன. பல வருடமாகத் தெளியாத தோல் இவற்றால் முழுக்கத் தெளிந்ததுண்டு. தொடங்கும் முன் காசநோய், கல்லீரல் அழற்சி வைரஸ் ஆகியவற்றுக்குப் பரிசோதனை செய்வார்கள். இந்தச் சிகிச்சையில் இருக்கும்போது உயிருள்ள கிருமியால் ஆன தடுப்பூசிகளைப் போடக் கூடாது என்பதால், வேண்டிய தடுப்பூசிகளை முன்பே கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்.

"இயற்கையானது, பக்கவிளைவே இல்லை" என்று, என்ன கலந்திருக்கிறது என்பதே எழுதாமல் விற்கும் களிம்புகளில் ஸ்டீராய்டு கலந்திருந்ததைச் சோதனைகளில் பலமுறை கண்டுபிடித்திருக்கிறார்கள். மூன்றே நாளில் மாயமாக மறைந்தால் சந்தேகப்படுங்கள்.

உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டியவை

உடம்பின் பெரும்பகுதி திடீரென்று சிவந்து எரிவது, தோல் தாள் தாளாக உரிவது, நடுக்கம், காய்ச்சல், அல்லது உடம்பெங்கும் சீழ்க் கொப்புளங்கள் கிளம்புவது. இவற்றில் எது வந்தாலும் அடுத்த சந்திப்பு நாள் வரை காத்திருக்காதீர்கள். தோல் தன் வேலையைச் செய்யாதபோது உடல் வெப்பமும் நீரும் கட்டுக்குள் நிற்காது, உயிருக்கே ஆபத்து. கண் சிவந்து வலித்து, வெளிச்சம் பார்க்கக் கூசினாலும் அன்றே கண் மருத்துவரைப் பாருங்கள்.

மனதும் வீடும்

சொரியாசிஸ் இருப்பவர்களிடம் மனச்சோர்வு அதிகம். தூக்கம் கெடுவது, ஆட்களைத் தவிர்ப்பது, எதற்கு இந்த வாழ்க்கை என்று தோன்றுவது இவற்றையும் நோயின் பகுதியாகவே மருத்துவரிடம் சொல்லுங்கள். அதற்கும் சிகிச்சை உண்டு. அவரிடம் சொல்லக் கூச்சப்பட வேண்டியதில்லை.

வீட்டில் இருப்பவர்களுக்கு முதல் வாரத்திலேயே ஒட்டாது என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். முடிந்தால் ஒருவரை மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போய், அவர் வாயாலேயே கேட்க வையுங்கள். வெளியில் யாராவது கேட்டால், "தோல் வேகமாக வளர்கிற நோய், ஒட்டாது, மருந்து போடுகிறேன்" என்று ஒரே வரியில் சொல்லிப் பழகுங்கள். முதல் பத்து முறை குரல் கம்மும். எனக்கும் கம்மியது.

எப்போது நிறுத்துவது

படை போன இடத்தில் கருப்பாகவோ வெளுப்பாகவோ ஒரு நிழல் தங்கும். குறிப்பாகக் கருநிறத் தோலில் மாதக்கணக்கில் இருக்கும். நோய் இன்னும் போகவில்லை என்று நினைத்துப் பலர் அதன் மேலேயே ஸ்டீராய்டைத் தொடர்ந்து போட்டுத் தோலைக் கெடுத்துக்கொள்கிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு அந்த இடத்தை விரலால் தடவிப் பாருங்கள். சொரசொரப்போ மேடோ தட்டுப்பட்டால் மருந்து இன்னும் வேண்டும். பக்கத்துத் தோலைப் போலவே வழவழப்பாக இருந்தால் அங்கே நோய் அடங்கிவிட்டது, எஞ்சியிருப்பது நிறம் மட்டும்தான். மருத்துவரிடம் காட்டி, அவர் சொன்னபடி களிம்பைக் குறைத்துக்கொண்டு, மாய்ஸ்சரைசரை மட்டும் விடாமல் போட்டு வாருங்கள். நிழல் தானாகவே மங்கும்.